பத்தி ஏழும் இரட்டைத் தையலும்

துறைமுகத்தின் மூன்றாம் வாயிலுக்கு எதிர்த் தெருவில், டயர்க் கடைக்கும் சங்கிலிக் கடைக்கும் நடுவே, தார்ப்பாய் தைக்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே மேசை கிடையாது. நாற்பதடி நீள லாரிப் படுதாவை விரிக்கத் தரையை விட்டால் வேறு இடமில்லை என்பதால், தரையில் ஒரு குழி வெட்டி அதற்குள் தையல் எந்திரத்தை இறக்கியிருக்கிறார்கள். குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, எந்திரத்தை ஓட்டுபவர்தான் இந்தக் கட்டுரைக்கு உரியவர். வயது நாற்பத்தேழு. துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இரட்டைத் தையல்' என்றால் வாயிற்காவலர் முதல் கிரேன் ஓட்டுநர் வரை எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பட்டம் வந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிச் சீருடை தைப்பதுதான். ஒற்றை வரித் தையலில் ஒரு லாரிப் படுதாவைத் தைத்துக் கொடுத்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏற்றியிருந்த சர்க்கரை மூட்டைகள் பாகாகிவிட்டன. லாரியை ஓட்டிச் சென்றவர் அவருடைய கணவரேதான். வீடு வந்து சேர்ந்தவர் ஒரு வார்த்தையும் திட்டாமல் கையை நீட்டி, "நக்கிப் பாரு, இனிக்குது" என்றாராம். அன்றிலிருந்து இவர் கையால் ஒற்றைத் தையல் விழுந்ததில்லை. "என் சட்டைக்குக்கூட ரெட்டைத் தையல்தான் போடுறா சார். கழட்டணும்னா தீயணைப்பு வண்டியைக் கூப்பிடணும்" என்று கணவர் என்னிடம் புகார் சொல்வார்.

நான் துறைமுகத்தின் எண்ணெய்க் கசிவுத் தடுப்புப் பண்டகசாலையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் காப்பாளராக இருக்கிறேன். கப்பலிலிருந்து கடலில் எண்ணெய் கொட்டினால் அதை வளைத்துப் பிடிக்க ஒரு மிதக்கும் வேலி உண்டு. ஆரஞ்சு நிறத் துணி, உள்ளே மிதவைகள், அடியில் நிமிர்ந்து நிற்பதற்காக ஒரு சங்கிலி. இரண்டு படகுகள் இரு முனைகளையும் பிடித்து இழுக்க, வேலி எண்ணெயைச் சுற்றி வளையும். தொழிலாளர்கள் அதைப் 'பாம்பு' என்பார்கள். எங்களிடம் நானூறு மீட்டர் பாம்பு இருந்தது. அதன் ஆங்கிலப் பராமரிப்புக் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறினேன். எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பாடம் நடத்தியவர் எவரும் இல்லை.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு படகின் விசிறி பட்டு எங்கள் பாம்பின் முனைப் பகுதி இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. இரட்டைத் தையலும் அவருடைய நாத்தனாரும் பண்டகசாலைக்கே வந்து, இரண்டு நாள் கையால் தைத்து, மேலே ஒட்டுத் துணியும் போட்டுக் கொடுத்தார்கள். நாத்தனார் ஊசிக்கு மெழுகு நூல் கோத்துக்கொண்டே, "அண்ணி, இது பாம்பா, இல்ல பாம்புக்கு அறுவை சிகிச்சையா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. வேலை முடிந்ததும் நானும் இரண்டு தொழிலாளர்களும் இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. பதிவேட்டில் 'திருப்தி' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

மார்ச் பதினேழாம் தேதி தேசிய ஒத்திகை வந்தது.

பெரிய எண்ணெய்க் கசிவு நேர்ந்தால் நாடு என்ன செய்யும் என்பதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு தேசியத் திட்டம் உண்டு. அதன் இணைப்பில் எங்கள் கடற்பகுதிக்கு 'மிதக்கும் வேலி: 1200 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தது. துறைமுகத்துடையது நானூறு, கடலோரக் காவல் படையுடையது நானூறு, எண்ணெய் நிறுவனத்துடையது நானூறு. கூட்டல் சரி. ஆண்டுதோறும் மூன்று தரப்பும் தங்கள் தங்கள் பாம்பைத் தனித்தனியே கடலில் விட்டு, படமெடுத்து, சுருட்டி வைத்துவிடுவது வழக்கம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றியதில்லை. படிவம் நீளத்தை மட்டுமே கேட்டது. அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த ஒத்திகைக் குழுத் தலைவர்தான் முதன்முதலாக, "மூன்றையும் இணைத்து ஒரே வேலியாக விடுங்கள்" என்று உத்தரவிட்டார்.

அப்போதுதான் தெரிந்தது: எங்கள் பாம்பின் முனை கொக்கி வகை. காவல் படையினுடையது போல்ட் வகை. நிறுவனத்தினுடையது கயிறு கோக்கும் வகை. ஒன்றோடொன்று சேரவே சேராது. தலைவர் கரையில் பார்த்துக்கொண்டிருந்தார். படகில் இருந்தவர்கள் அவசரத்துக்குக் கொக்கியையும் போல்ட் தகட்டையும் நைலான் கயிற்றால் கட்டிவிட்டார்கள்.

உண்மையான எண்ணெயைக் கொட்ட முடியாதல்லவா? அதற்குப் பதிலாக நானூறு ஆரஞ்சுப் பழங்களை வளையத்துக்குள் கொட்டினார்கள். படகுகள் இழுக்கத் தொடங்கிய பதினோராவது நிமிடம் கயிறு நழுவியது. என் குறிப்பேட்டில் நேரம் 10.41. வேலி வாய் திறந்தது. பழங்கள் வரிசையாக வெளியேறின. அரை மணி நேரத்தில் கடற்கரையில் கூட்டம் கூடிவிட்டது. பைகளோடு வந்தவர்களும் உண்டு. "எண்ணெய்க் கசிவுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒருவர் பழம் உரித்துக்கொண்டே சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அன்று மாலை அறிக்கைப் படிவத்தை நிரப்பிய எழுத்தரிடம் போய், கயிறுதான் நழுவியது என்று விளக்கினேன். அவர் பேனாவை மூடாமலே பேசினார்.

"சார், வேலி பிரிஞ்ச காரணத்துக்கு நாலு கட்டம்தான் இருக்கு. காத்து, அலை, இயக்கினவர், தையல். காத்து இல்ல, அலையும் இல்ல. இயக்கினவர் மேல போட்டா சங்கத்துக்காரங்க என் மேசையைச் சுத்தி உக்காந்துருவாங்க. மிச்சம் என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"முனை சேரலைன்னு எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லியே!"

ஆக, அறிக்கையின் பத்தி ஏழு இவ்வாறு அமைந்தது: 'பழுதுபார்க்கப்பட்ட பகுதியில் தையல் பிரிந்தது.' அதன் விளைவாகத் தைத்தவரின் பெயர் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தரமற்ற வேலையை ஏற்றுக்கொண்ட குற்றத்துக்காக என் பணிப் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஒன்று ஏறியது. இரண்டு ஆணைகளின் நகல்களும் என்னிடம் உள்ளன.

செய்தியைச் சொல்ல நான்தான் கடைக்குப் போனேன். குழியிலிருந்து தலையை மட்டும் உயர்த்தி முழுவதையும் கேட்டார்.

"பட்டியல்ல இருந்து எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. எனக்கு லாரிப் படுதா இருக்கு. ஆனா, தையல் பிரிஞ்சதுன்னு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கம்மா."

"யாராவது தையலைப் பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"சார், அந்த ஒரு வரியை எடுக்க வைங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். காரணமும் விரைவிலேயே தெரிந்தது. துறைமுகத்துச் செய்தி தெருவுக்கு வர வாயிற்காவலர் அனுமதி தேவையில்லை. இருபது ஆண்டுகளாகப் படுதாவை மடித்த மடிப்பிலேயே வாங்கிக்கொண்டு போனவர்கள், இப்போது விரித்து, தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். ஒரு லாரிக்காரர் அப்படி இழுத்தபோது நானும் அங்கே இருந்தேன். "நல்லா இழுங்கண்ணே. உங்க விரல் பிரிஞ்சா அதையும் தச்சுத் தரேன்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்காரர் போன பிறகு, அவர் விரல் பட்ட அதே இடத்தை இவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நான் என் வழியில் போனேன். அறிக்கைக்குப் பிறகு பாம்புக்குப் புதுக் கொக்கி முனை பொருத்தி, தைத்த பழைய முனையை வெட்டிக் கழித்தார்கள். கழித்துக்கட்டிய பொருள்களின் அறையில் அந்த இரண்டு மீட்டர்ப் பகுதியை அட்டையில் சுற்றிக் கட்டிப் பத்திரப்படுத்தினேன். மூன்று வகை முனைகளின் படங்களோடு மனு அனுப்பினேன். 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். 'தங்கள் மனு ஆய்வில் உள்ளது' என்று, இம்முறை இரண்டு சொல் கூடுதலாக வந்தது. ஒவ்வொரு பதிலின் நகலையும் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன். நாத்தனார் கண் பொத்தும் கருவியை 'டக் டக்' என்று அழுத்திக்கொண்டே கேட்பார். தார்ப்பாயில் கயிறு நுழைவதற்குப் பித்தளை வளையம் பதிப்பது, அதாவது 'கண் பொத்துவது', அவர் வேலை.

"அண்ணி, ஸ்டோர் சார் கொண்டுவர்ற காகிதத்தை எல்லாம் சேத்துத் தச்சா ஒரு லாரியை மூடிறலாம்."

"மூடலாம்டி. மழை வந்தா ஒழுகும்."

அதற்குள் வேறொரு வாசல் திறந்தது. துறைமுகத்தின் பட்டியல் துறைமுகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். காவல் படைக்கு அது பொருட்டில்லை. ரோந்துப் படகுக்கு மூடுதுணி தைக்க அளவெடுக்கச் சொல்லி இவரைத்தான் அழைத்தார்கள். படகுத் தலைவர் ஒரு பருமனான, கலகலப்பான மனிதர். அளவெடுத்து முடித்ததும் இவர், "ஐயா, உங்க பாம்போட வாயைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் காக்கித் தாளை அந்தத் தகட்டின் மேல் வைத்து, போல்ட் துளைகளைப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்துக்கொண்டார். எண்ணெய் நிறுவனத்தின் முனைக்கும் அதே உபசாரம் நடந்தது. எங்களுடையதன் அளவு என் கோப்பிலேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். தரையில் மூன்று காக்கித் தாள்கள் விரிந்து கிடந்தன.

"சார், ஒருத்தர் சட்டையில பொத்தான், ஒருத்தர் சட்டையில கொக்கி, இன்னொருத்தர் சட்டையில நாடா. மூணு பேரும் சண்டை போடாம ஒண்ணாப் போகணும்னா நடுவுல ஒரு துண்டு வேணும். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் பொத்தான். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அது இல்லை.

பக்கத்துத் தெருப் பற்றவைப்பாளர் தகடுகளைச் செய்தார். இவர் ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு இணைப்புத் துண்டுகள் தைத்தார்: ஒன்று கொக்கியிலிருந்து போல்ட்டுக்கு, மற்றது போல்ட்டிலிருந்து கயிற்றுக்கு. காவல் படை தன் உதிரிப் பாகமாக அவற்றை வாங்கிக்கொண்டது. ஆக, எங்கள் துறைமுகம் விலக்கிவைத்த கை தைத்த துண்டு, எங்கள் துறைமுகத்தின் பாம்பிலேயே மாட்டப்படும் நிலை வந்தது. இது குறித்து எந்தத் துறைக்கும் நான் கடிதம் எழுதவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் நான் எழுதாமல் விட்ட ஒரே கடிதம் அது.

இந்த ஆண்டு ஒத்திகை மார்ச் இருபத்திரண்டாம் தேதி. அதே குழுத் தலைவர்தான் வந்தார். பழங்கள் தடை செய்யப்பட்டு மரத்தூள் வந்திருந்தது. இணைப்புத் துண்டுகளைத் தைத்தவர் என்ற முறையில் இவரையும் நாத்தனாரையும் படகுத் தலைவர் வேலைப் படகில் ஏற்றிக்கொண்டார். நான் குறிப்பேட்டோடும், கோப்போடும், அட்டை கட்டிய அந்தப் பழைய துண்டோடும் ஏறினேன். குழுத் தலைவரைக் கண்டால் காட்டலாம் என்பது என் எண்ணம். தலைவரும் எங்கள் படகிலேயே இருந்தார். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தையே பார்த்தபடி நின்றார். அந்த நிலையில் இருப்பவரிடம் மனு நீட்டுவது முறையாகாது என்று காத்திருந்தேன்.

ஆயிரத்து இருநூறு மீட்டரும் முதன்முறையாக ஒரே வேலியாக விரிந்தது. படகுகள் இழுத்தன. பத்து நிமிடம். இருபது. இணைப்புகள் இரண்டும் அசையவில்லை. இவர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

"போ, போ, அப்படியே போ, நல்ல பிள்ளையாப் போ..."

இருபத்தாறாவது நிமிடம், நேரம் 9.52, காவல் படைப் பாம்பின் நடுவே துணி பிளந்தது. இணைப்பில் அல்ல, இணைப்பிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஆறு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் போட்ட தையலில். மரத்தூள் அந்தப் பிளவு வழியே வெளியே பரவத் தொடங்கியது. படகுத் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எங்களோடு படகில் வந்திருந்த எழுத்தர் படிவத்தை எடுத்து, இந்த முறை யாரையும் கேட்காமலே, 'தையல்' என்ற கட்டத்தை நோக்கிப் பேனாவைக் கொண்டுபோனார்.

படகு முழுவதும் முகம் வாடியிருக்க, ஒருவர் மட்டும் கைதட்டினார்.

"பிரிஞ்சிருச்சு! சார், ஸ்டோர் சார், பாத்தீங்களா? தையல் பிரிஞ்சிருச்சு!"

"அண்ணி, மெதுவா! துக்க வீட்ல சிரிக்கிற மாதிரி இருக்கு" என்று நாத்தனார் முழங்கையால் இடித்தார்.

"நீ சும்மா இருடி. ஐயா, அதை மேல இழுங்க. சீக்கிரம் இழுங்க!"

பிளந்த பகுதியைப் படகுக்கு இழுத்துப் போட்டார்கள். இவர் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளிம்பை விரித்துப் பிடித்துக்கொண்டு குழுத் தலைவரைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ஒரு நிமிஷம் இங்க வாங்க. தரையைப் பாருங்க, தலை சுத்தாது."

தலைவர் தூணை விட்டு வந்து குனிந்தார்.

"தையல் விட்டா எப்படி இருக்கும்னு பாருங்க. நூல் வெயில்ல வெந்து பொடியா உதிருது. ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணும் வட்டமா இல்லாம நீளமா இழுபட்டிருக்கு. துணி நெடுக நூல் அழுத்தின தடம். தையல் பிரிஞ்சா இதெல்லாம் இல்லாம பிரியாது. ஸ்டோர் சார், போன வருஷத் துண்டைப் போடுங்க."

அட்டையை அவிழ்த்துப் பக்கத்தில் விரித்தேன். இரண்டு வரித் தையல்களும் முழுதாக இருந்தன. ஓட்டைகள் வட்டமாக இருந்தன. முனைக் கொக்கியில் மட்டும் நைலான் கயிறு உரசி நழுவிய பச்சைக் கோடு தெரிந்தது. தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு எழுத்தரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் எதை வச்சுத் தையல்னு போட்டீங்க?"

"நாலு கட்டம்தான் சார் இருந்துச்சு" என்றார் எழுத்தர். நேர்மையான பதில்தான்.

"என்னது?"

"மிச்சம் அதுதான் சார் இருந்துச்சு."

தலைவர் படிவத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். கடல் மயக்கம் போய்விட்டதாகவே எனக்குப் பட்டது. இதற்குள் இவரும் நாத்தனாரும் பிளவின் இரு பக்கமும் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் இரட்டைத் தையல் விழுந்தது. 10.38க்கு வேலி மீண்டும் நீரில் இறங்கியது, 11.40க்கு ஒத்திகை முடியும்வரை அப்படியே நின்றது. வெளியேறிய மரத்தூள் போக மற்றதெல்லாம் வளையத்துக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. நாட்டின் எல்லாத் துறைமுகங்களிலும் வேலிகளின் நீளத்தோடு முனை வகையையும் எழுத வேண்டும். படிவத்தில் 'இணைப்பு' என்ற ஐந்தாவது கட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. கூடவே எனக்கும் இவருக்கும் தனித்தனிக் கடிதங்கள். என்னுடையது, கண்டனக் குறிப்பை நீக்குவது ஆய்வில் உள்ளதாகத் தெரிவித்தது. இவருடையதைக் கடையில் நின்று நானே வாசித்தேன்: 'சென்ற ஆண்டு அறிக்கையின் பத்தி ஏழு நீக்கப்படுகிறது. தங்கள் பெயர் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்படுகிறது.'

கண் பொத்தும் சத்தம் நின்றது. நாத்தனார் ஓடிவந்து அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். இவர் அசையவில்லை.

"நீக்கிட்டாங்க, சரி. அந்த இடத்துல என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் எழுதலம்மா. ஆறுக்கு அப்புறம் எட்டு."

"அது எப்படி? பிரிஞ்சதுன்னு ஊருக்கே தெரியிற மாதிரி எழுதினாங்கள்ல? பிரியலன்னும் எழுதட்டும். நாளைக்கு எவனாவது தையலை இழுத்துப் பாத்தா, நான் என்ன வெத்து இடத்தையா காட்டுறது?"

மறுக்க முடியாத வாதம். அன்றே மனு எழுதினேன். இவர் கையொப்பமிட்டார். பதினாறு நாள் கழித்துப் பதில் தபாலில் வரவில்லை; ஆளே வந்தார். எங்கள் பண்டகசாலையைப் பார்வையிட வந்திருந்த குழுத் தலைவர், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு தெருவைக் கடந்து கடைக்கு வந்தார். அறிக்கையின் மூலப் பிரதியும் அவரிடம் இருந்தது.

"அச்சிட்ட அறிக்கையில ஒரு பத்தியை நீக்கலாம், புதுசா சேக்க முடியாதும்மா. ஆனா ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இருக்கு. என்ன எழுதணும்?"

"தையல் உறுதியா இருந்துச்சுன்னு எழுதுங்க."

லாரிப் படுதாவின் விளிம்பிலேயே மண்டியிட்டு, தலைவர் பத்தி ஏழு இருந்த இடத்தின் ஓரத்தில் எழுதி, ஒப்பமிட்டு, தேதியும் போட்டார். இவர் குழியிலிருந்து ஏறி வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். நாத்தனாரிடம் காட்டினார். அவரும் தலையை ஆட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு. கொஞ்சம் பெருசா, புரியிற மாதிரி எழுதுங்க."

தலைவர் சிரித்துவிட்டுப் பேனாவை மறுபடி திறந்தார். இரண்டாவது முறை எழுதியதை, கடை வாசலில் நின்றிருந்த என்னாலேயே படிக்க முடிந்தது.